கொக்கி வரை வரும் கரண்ட்

தை 9, திங்கள். பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை.

கா. கேப்பைக் கூழ், மோர் மிளகாய். டீ, சர்க்கரை இல்லாமல். (அரை ஸ்பூன்.)
ம. சோறு, முருங்கைக்கீரை.
இ. இன்னும் ஆகவில்லை.

தினம் சாப்பிட்டதை எழுதி வரச் சொன்னது சர்க்கரை டாக்டரம்மா. எனக்கு மூன்றாவதோடு பள்ளிக்கூடம் சரி. ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் அது சாப்பாட்டோடு நிற்க மாட்டேன் என்கிறது. அந்தம்மாவுக்கு வேறு தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். இது எனக்கு.

கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை வெட்டு. பின்னால் சிவப்பு விளக்கு எரியாத டிரைலரை இந்த வருஷம் ஆலை கேட்டிலேயே திருப்பி விடுகிறார்களாம். நம் டிரைலரில் பொங்கலிலிருந்து ஒரு விளக்கும் எரியவில்லை.

ஆலை சட்டத்தைவிட வீட்டுச் சட்டம் பெரிசு. என் வீட்டுக்காரி அஞ்சலாட்சி இன்றைக்குக் கையில் முறத்தோடு வந்து நின்று சொன்னாள்: "பின்னாடி செவப்பு எரியாம இது தெருமொன வேப்பமரத்தைத் தாண்டுச்சின்னா, நான் ரோட்டுல படுத்துக்குவேன். ஏத்திக்கினு போ."

சும்மா சொல்கிறவள் இல்லை. அவள் தம்பி வேலு திண்டிவனத்தில் இருக்கிறான். போன வருஷம் பொழுது சாய்ந்த நேரம், ரோட்டோரம் நின்ற யாருடையதோ கரும்பு டிரைலரின் முதுகில் பைக்கோடு போய் முட்டினான். அதில் விளக்கு இல்லை. உயிர் தப்பினான். வலது கை மடங்காது. கைலி கட்டிவிட ஆள் வேண்டும்.

இதில் இன்னொரு பேஜாரு. டிரைலர் என்னுடையது. அதை இழுக்கிற டிராக்டர் தம்பியுடையது. கார்த்திகையில் பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரியவர்கள் அப்படிப் பிரித்தார்கள். சின்னவனுக்கு டிராக்டர், பெரியவனுக்கு டிரைலரும் மோட்டார் கொட்டாயும். கரும்பு மட்டும் சேர்த்து நட்டது, சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அன்றைக்குத் துண்டை உதறி எழுந்து போகும்போது அவன் சொன்னான்: "டிரைலரு இல்லாம என் டிராக்டரு ஏர் ஓட்டும். டிராக்டரு இல்லாம உன் டிரைலரு கோழிக்கூடு."

கோழிக்கூடு.

அதிலிருந்து பேச்சில்லை. பேரை எழுதவும் மனசு வரவில்லை. த. என்று போடுகிறேன். வேறு டிராக்டர் பிடிக்கலாம் என்றால் சீசன், ஊரில் ஒன்றும் சும்மா இல்லை.

சாயங்காலம் த. டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து வந்து டிரைலரை மாட்டினான். விளக்கு சோதிக்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் சீட்டில் உட்கார்ந்து அமுக்க, ஒருத்தன் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல. நாங்கள் பேசுவதில்லை. அதனால் நடுவில் அவன் வீட்டுக்காரி செல்வி, அவளுக்குப் பின்னால் அஞ்சலாட்சி. ரெண்டு பெண்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. அது வேறு எரிச்சல்.

த. பிரேக்கை அமுக்கிக்கொண்டு ஸ்டீரிங்கைப் பார்த்துச் சொன்னான்: "செல்வி, எரியுதான்னு கேளு."

"அக்கா, எரியுதான்னு கேக்குறாரு."

அஞ்சலாட்சி என்னிடம்: "எரியுதா?"

"பிரேக்கு எரியலன்னு சொல்லு. இண்டிகேட்டரு மினுக்குது."

"எரியலயாம். மினுக்குதாம்."

"எது மினுக்குதாம்?"

இதற்குப் பதில் டிரைலர் நீளம் நடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் பிரேக்கை விட்டு இண்டிகேட்டர் போட்டுவிட்டான். நான் பிரேக்குக்குச் சொன்னது இண்டிகேட்டருக்குப் போயிற்று, இண்டிகேட்டருக்குச் சொன்னது ஹாரனுக்குப் போயிற்று. ஆனால் பார்த்தது நிஜம்: பிரேக்கை அமுக்கினால் சிவப்பு எரியாமல், எதற்கும் சம்பந்தமில்லாத மஞ்சள், சீக்குக்கோழி கண் மாதிரி மங்கலாகத் திறந்து மூடியது.

செல்வி: "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குதுக்கா. தட்டு மாத்திக்கலாமா?"

அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நானும் த.வும் சிரிக்கவில்லை. அவனுக்கு உதடு கொஞ்சம் கோணிப் போனது. எனக்கும் போயிருக்கும், இருட்டில் தெரிந்திருக்காது.

தை 10, செவ்வாய். வெயில். காற்று இல்லை.

கா. இட்லி ரெண்டு. விழுப்புரத்தில் டீ, வடை. வடையை எழுத வேண்டாம்.

ரெண்டு பின் விளக்கையும் கழற்றி மஞ்சப் பையில் போட்டு விழுப்புரம் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திருவெண்ணெய்நல்லூர்க்காரர், பை ஓரம் சிவப்பு தெரிவதைப் பார்த்துவிட்டு, "தக்காளியா?" என்றார். விளக்கு என்றேன். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை ஆரம்பித்து, மாப்பிள்ளைக்கு லாரி இருக்கிறதாம், லாரிக்கு டியூ இருக்கிறதாம், டியூவுக்கு மாமனார் தேடுகிறார்களாம், பஸ் ஸ்டாண்டு வந்தும் முடியவில்லை. இறங்கி நின்று மீதியைக் கேட்டேன். அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்பாரா தெரியாது.

ஆட்டோ எலக்ட்ரிக் கடை கரீம் பாய் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, ஊட்ல சண்டையா?" என்றார்.

"வெளக்குல சண்டை."

பாய் ஒரு பேட்டரியைக் காலால் இழுத்து, விளக்கிலிருந்து வந்த ஒயர் ஒன்றை அதன் ஒரு மூக்கில் வைத்து, இன்னொரு மூக்கிலிருந்து ஒரு ஒயரை விளக்கின் தகரத்தில் தொட்டார். பளிச்சென்று எரிந்தது. அடுத்தது. அதுவும். கடை முழுக்கச் சிவப்பு.

"இன்னா வெளக்கு இது, ஜோரா இருக்குது! எர்த்துக்குத் தனி ஒயரு எங்க?"

"அது எப்பவுமே கெடையாது பாய். வெளக்குக்குப் போற ஒயருங்க மட்டும்தான்."

"சரி, அப்ப கரண்டு ஒயருல போவும், திரும்பி வர்றது டிரைலரு பாடியிலயும் கொக்கியிலயும் வரும். நெறைய வண்டி அப்டித்தான் ஓடிக்கினு இருக்குது. கோளாறு டிராக்டர்லதான். டிராக்டர்காரனப் போய்ப் புடிங்க."

இதைக் கேட்டதும் வயிற்றில் பால். காசு வாங்க மாட்டேன் என்றார். மல்லாட்டை கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கடலை என்றால் பாய்க்கு உயிர்.

வீட்டு வாசலில் நின்று அஞ்சலாட்சிக்குக் காது மந்தம் என்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்: "டிரைலர்ல ஒரு கொறையும் இல்லியாம்! எல்லாம் டிராக்டர்லதானாம்!"

அவள்: "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. யாருக்குச் சொல்றியோ அங்க போய்ச் சொல்லு."

பக்கத்து வீட்டில் த. பம்ப்பில் கை கழுவிக்கொண்டிருந்தான். கழுவிக்கொண்டே இருந்தான். அவ்வளவு அழுக்கு கையில் இருக்காது.

தை 11, புதன். அமாவாசை. பனி, பிறகு வெயில்.

கா. சாப்பிடவில்லை, விரதம். (டீ.)
ம. சோறு, வாழைக்காய், பருப்பு, வடை. விரத வடையை எழுதலாம்.

மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் காலையிலிருந்து ரோட்டில். டிராக்டர், மினி வேன், ஷேர் ஆட்டோ. ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்தேன். பாதிக்கு விளக்கே இல்லை, இருப்பதில் பாதி உடைந்தது. அவர்களெல்லாம் போகிறார்கள். நான் மட்டும் நிற்கிறேன்.

விளக்கைத் திரும்ப மாட்டினேன். ஒயர் முழுக்கப் புதுசாக இழுத்தேன். மாட்டுப் பொங்கலுக்கு அடித்த நீல பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. என் பாகத்துக்கு வந்த பிறகு முதல் பொங்கல், விட முடியுமா? பின் பலகை, சக்கர மூடி, விளக்கைப் பிடிக்கும் பட்டை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்கால், அதன் நுனியில் டிராக்டர் கொக்கியில் மாட்டுகிற வளையம் வரை ஒரு இடம் விடாமல் ரெண்டு கோட்டு. மாட்டுக்குக் கொம்பு எப்படியோ டிரைலருக்கு அந்த வளையம். அதற்கு மட்டும் மூன்று கோட்டு. பொட்டு, பூ, கரும்புத் தோகை. த. டிராக்டரில் பெயிண்டு கிடையாது, சிவப்பு மங்கிப்போய் நின்றது. என் நீலத்துக்கு முன்னால் அது அசிங்கமாக இருந்தது. மனசுக்கு நன்றாக இருந்தது.

மறுபடி சோதனை. மறுபடி ரெண்டு பெண்கள்.

எரியவில்லை.

ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். வைக்கோல் போருக்குள் போய்விட்டது. அரை மணி தேடி எடுத்தேன். அதற்குள் கோபமும் ஆறிவிட்டது, ஆறியதில் இன்னும் கோபம்.

செல்வி வந்து சொன்னாள்: "மாமா, நாளைக்கி உங்க தம்பி எங்கம்மா ஊட்டு நெலத்துல ரொட்டவேட்டரு ஓட்டத் திண்டிவனம் பக்கம் போறாரு. அங்க ஒரு எலக்ட்ரீசியன்கிட்ட டிராக்டரைக் காட்டிட்டு வந்துர்றாராம்."

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. அவரும் உங்ககிட்டச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

இந்தப் பெண் பொய் சொல்லும்போது மூக்கு விடைக்கும். விடைத்தது.

தை 12, வியாழன். மூட்டம்.

கா. உப்புமா. ம. வேலு வீட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு. ரெண்டு தரம்.

அஞ்சலாட்சி அவள் தம்பிக்கு ஒரு பை மல்லாட்டை கொடுத்தனுப்பினாள். திண்டிவனம் போனேன். போனது மல்லாட்டைக்குத்தான். செல்வி சொன்ன எலக்ட்ரீசியன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளவும்தான்.

வேலு வீட்டுச் சந்தில் திரும்பினால் மங்கின சிவப்பு டிராக்டர் நிற்கிறது. உள்ளே த. உட்கார்ந்து வேலுவின் மடங்காத கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறான். வழக்கமாகத் தேய்க்கிற கை அது. அவசரமில்லாமல், தோளிலிருந்து மணிக்கட்டு வரை. வேலு வீட்டுக்காரி சொன்னாள், இந்தப் பக்கம் ஏர் ஓட்ட வந்தால் அண்ணன் வராமல் போகாது என்று. எனக்குத் தெரியாது. நான் பொங்கலுக்கு முன்னால் ஒரு தரம் வந்தது.

வேலு: "வா மாமா! ரெண்டு பேரும் சேந்தா வந்தீங்க?"

ரெண்டு பேரும் ஒன்றாக: "இல்ல."

சாப்பிட உட்கார்ந்தோம். வேலு நடுவில். அவனுக்கு அவன் வீட்டுக்காரி ஊட்டினாள். அதைப் பார்க்காமல் சாப்பிட எல்லாரும் பழகியிருக்கிறோம்.

த. வேலுவிடம் சொன்னான்: "எலக்ட்ரீசியன் டெஸ்ட் லேம்பு வச்சுப் பாத்தான். பின்னாடி சாக்கெட்டு வரைக்கும் கரண்டு வருது. எல்லாத்துலயும் வருது. டிராக்டர்ல ஒரு கொறையும் இல்ல."

நான் வேலுவிடம் சொன்னேன்: "கரீம் பாய் பேட்டரியில வச்சே காட்டினாரு. கடையே செவந்துபோச்சு. டிரைலர்லயும் ஒரு கொறையும் இல்ல."

வேலு ஒருத்தர் மாற்றி ஒருத்தரைப் பார்த்தான். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "அப்ப யாருகிட்டயும் கொற இல்ல. நான் முட்டுனப்பவும் போலீசுகிட்ட அந்த டிரைலர்காரன் அதான் சொன்னான், டிராக்டர்காரனும் அதான் சொன்னான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் கருவாட்டில் முள் எடுத்தேன். த.வும் எடுத்தான்.

அப்புறம் அவனே: "அங்க ஒண்ணு நிக்குதுன்னே தெரியல மாமா. காலி எடம்னு நெனச்சிக்கினே போனேன். முட்டுன பெறவும் கொஞ்ச நேரம் காலி எடம்னுதான் நெனச்சேன்."

திரும்ப பஸ் ஸ்டாப்பில் நின்றேன். த. டிராக்டரில் வந்தான். என்னைப் பார்த்து வேகம் குறைத்தான். மட்கார்டு காலியாக இருந்தது. "வா" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நானாகப் போய் ஏறியிருக்கலாம். நான் பஸ் வருகிறதா என்று அவன் தலைக்கு மேலே பார்த்தேன். கியரை மாற்றிப் போய்விட்டான்.

பஸ் வர நேரமாயிற்று. நின்றுகொண்டே வந்தேன்.

தை 13, வெள்ளி. வெயில்.

சாப்பாடு: எழுதப் பிடிக்கவில்லை.

எரியவில்லை. பல்பு மாற்றினேன், எரியவில்லை. பியூஸ் மாற்றினேன், எரியவில்லை. எலி கடித்ததா என்று ஒயரைக் கையால் தடவிக்கொண்டே டிரைலருக்கு அடியில் படுத்து ஊர்ந்தேன். எலி இல்லை. கோழி ஒன்று முட்டை வைத்திருந்தது. கோழிக்கூடு என்று அவன் சொன்னது உண்மையாகிவிட்டது. முட்டையை அஞ்சலாட்சியிடம் கொடுக்கவில்லை, எங்கே இருந்தது என்று கேட்பாள்.

வெட்டு ஆட்கள் வந்து கொட்டாய் போட்டுவிட்டார்கள். மேஸ்திரி கேட்டார்: "நாளைக்கி வெட்டலாமா, வேணாமா? சொல்லுங்க. வெட்டிப் போட்டுட்டு வண்டி இல்லன்னா காஞ்சிபோவும்."

நான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"வெட்டுங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் என்று தெரியாது.

தை 14, சனி. பனி விடிந்து நேரம் கழித்துத்தான் விலகியது.

கா. கூழ். பகல் முழுக்கக் கரும்பு. (எழுதக் கூடாதது. ஒரு கணு. ரெண்டு.)

வெட்டி, கட்டி, ஏற்றி முடிக்க மூன்று மணி தாண்டிவிட்டது. டிரைலர் முதுகு நிறையச் சுமை. அஞ்சலாட்சி வேலையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். கையில் பாய். நிஜமாகவே பாய்.

த. சீட்டில் ஏறி சுவிட்சைப் போட்டான், ஒப்புக்கு.

எரிந்தது.

ரெண்டும். சிவப்பு, சுத்தமாக. பிரேக் அமுக்கினால் இன்னும் கூடியது. இண்டிகேட்டர் இண்டிகேட்டராகவே அடித்தது. வெட்டு ஆட்கள் விசில். செல்வி கரும்புத் தோகையை விளக்கில் சொருகினாள்.

"நீ இன்னா பண்ண?" என்று அஞ்சலாட்சி என்னைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல."

"அவரு?"

"தெரியாது."

அவள் பாயைச் சுருட்டவில்லை. "நேத்து எரியல. இன்னிக்கி யாரும் ஒண்ணும் பண்ணாம எரியுது. யாரும் ஒண்ணும் பண்ணாம நாளைக்கி நின்னுபோச்சின்னா?"

த. சுவிட்சை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தான். கடைசியில் அவளே மொபெட்டை எடுத்து வந்தாள். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆலை வரை டிரைலருக்குப் பின்னாலேயே ஓட்டினாள். வழி முழுக்கக் கண்ணை அந்தச் சிவப்பிலிருந்து எடுக்கவில்லை. அணையவே இல்லை. கேட்டில் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், உள்ளே விட்டார்கள்.

யார்டில் நீள வரிசை. விடியற்காலைதான் நம் முறை. த.வுக்குத் துணைக்கு நான் தங்கினேன். கரும்பு எனக்கும்தானே. அஞ்சலாட்சி கிளம்பும்போது மொபெட்டை ஆஃப் பண்ணாமலே சொன்னாள்: "வரும்போது காலி வண்டி, பனி. பாத்து வாங்க." எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். ரெண்டு பேரும் தனித்தனியாகத் தலையாட்டினோம்.

தை 15, ஞாயிறு. பனி. இப்படி ஒரு பனி பார்த்ததில்லை.

சாப்பாட்டைக் கடைசியில் எழுதுகிறேன்.

விடியும்போது சுமை இறங்கிவிட்டது. கிளம்பும்போது பின் விளக்கைப் பார்த்தேன், எரிந்தது. மட்கார்டில் உட்காரச் சொல்வான் என்று நின்றேன். சொல்லவில்லை. என் டிரைலர் எனக்கு இருக்கிறது என்று காலி டிரைலரில் ஏறி, பின் பலகையோரம் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தலையில் துண்டு.

பெரிய ரோடு. பனியில் நம் சிவப்பு ரெண்டு பக்கமும் குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி பரவியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். குலுங்கலில் கண் அசந்திருக்க வேண்டும். கண் திறந்தபோது வெள்ளை மட்டும் இருந்தது. சிவப்பு இல்லை. எட்டிக் குனிந்து பார்த்தேன். விளக்கு செத்துக் கிடக்கிறது.

"ஏய்!" என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் எங்கே கேட்கும். அவன் முதுகு அசையவில்லை.

பின்னால் எங்கேயோ ஹாரன். பெரிய வண்டி ஹாரன்.

வேலு சொன்னது ஞாபகம் வந்தது. காலி இடம். அந்த வண்டிக்காரன் கண்ணுக்கு இப்போது நான் காலி இடம்.

போனை எடுத்து டார்ச் போட்டேன். வண்டி தூக்கிப்போட்டதில் போன் விழுந்து டிரைலரில் உருண்டது. தவழ்ந்து எடுத்துப் பின் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். இன்னொரு கையால் பலகையை அடித்துக்கொண்டே முன்னால் திரும்பி, உயிர் போகிற மாதிரி கத்தினேன்:

"டேய் தனசேகரு! ஓரங்கட்டுடா! வெளக்கு போச்சுடா!"

எப்படிக் கேட்டதோ. சட்டென்று இடப்பக்கம் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கினான். அடுத்த மூச்சில் ஒரு பஸ், நாங்கள் இருந்த இடத்தின் மேலேயே போயிற்று. உள்ளே லைட் போட்டு ஜனங்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தனசேகர் குதித்து ஓடிவந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல."

"போனு?"

"இருக்குது."

அவ்வளவுதான். வண்டியை இன்னும் உள்ளே, மூடிக்கிடந்த ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினான். விளக்கைப் பார்க்கப் பின்னால் போனான். நான் முன்பக்கமாக இறங்கினேன். ஏர்க்காலில் ஒரு காலை வைத்து முழுப் பாரத்தையும் போட்டேன்.

பின்னாலிருந்து அவன்: "எரியுது!"

கீழே இறங்கினேன்.

"போச்சு! இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. எறங்கினேன்."

"ஏறு."

ஏறினேன்.

"எரியுது. எறங்கு. போச்சு. ஏறு. டேய்... எரியுது!" என்னைத்தான் டேய் என்றான். கவனிக்கவில்லை, ரெண்டு பேரும்.

முன்னால் வந்து டார்ச் அடித்தான். கொக்கியும் வளையமும் சேரும் இடம். வளையத்தில் என் நீல பெயிண்டு மூன்று கோட்டு. சுமை அழுத்திய இடத்தில் மட்டும் நகம் அளவு உரிந்து இரும்பு தெரிந்தது. நான் மிதித்தால் அந்த நகம் கொக்கியில் படுகிறது, இறங்கினால் விலகுகிறது. ஒயரில் வந்த கரண்ட் பாடி வழியாக டிராக்டருக்குத் திரும்பிப் போக அந்த நகம்தான் வாசல். நேற்று அவ்வளவு கரும்பும் அதை அழுத்திப் பிடித்திருந்தது.

"வளையத்துக்கு எதுக்கு பெயிண்டு அடிச்ச?"

"மாட்டுப் பொங்கலு."

"அது இன்னா மாடா?"

"கொம்பு மாதிரி இருந்துச்சு."

"மூணு கோட்டு!"

நான் டார்ச்சைப் பிடுங்கி அவன் கொக்கியில் அடித்தேன். ஒரு சட்டி கிரீஸ் அதில்தான் அப்பியிருந்தது. "இது யாரு பூசினது? மாவெளக்கு மாவு மாதிரி!"

விரலால் கிரீஸைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "நானும் பொங்கலுக்குத்தான்" என்றான்.

டிரைலரில் கிடந்த வெட்டுக்கத்தியால் நான் வளையத்தைச் சுரண்டினேன். அவன் கொக்கியைத் துணியால் துடைத்து அரத்தால் ராவினான். இரும்பு வெள்ளையாக வரும் வரை. டீக்கடைக்காரர் கதவைத் திறந்து, "காலங்காத்தால இன்னா சுரண்டுறீங்க?" என்றார். விளக்கு நின்று எரிந்தது. டிரைலரைக் குலுக்கிப் பார்த்தோம். எரிந்தது.

பனி விலகும் வரை அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தோம். என்னுடையதில் சர்க்கரை வேண்டாம் என்று அவன்தான் சொன்னான்.

கிளம்பும்போது நான் பழக்கத்தில் டிரைலர் பக்கம் போனேன். "அங்க எதுக்கு? இங்க குந்து" என்று மட்கார்டைத் தட்டினான்.

அஞ்சலாட்சி வேப்பமரத்தடியில் நின்றாள். எரிகிறதா என்று முதலில் பின்னால் போய்ப் பார்த்தாள், அப்புறம்தான் எங்கள் முகத்தை. பஸ் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அவனும் செல்வியிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

சாயங்காலம் எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தோம். டிரைலர் விளக்கிலிருந்து டிராக்டர் பேட்டரி வரை, ஒரே ஒயர். இனிமேல் கொக்கியை நம்ப வேண்டாம். விளக்கு வைக்கும் நேரம் கடைசி சோதனை. பெண்கள் ரெண்டு பேரும் வேலை இல்லாமல் வைக்கோல் போரோரம் நின்றார்கள். அவன் சீட்டில். நான் பின்னால்.

"ண்ணா, எரியுதா?"

எரிந்தது. போர் முழுக்கச் சிவப்பு.

"எரியலடா. இன்னொரு தரம் அமுக்கு."

அமுக்கினான். "இப்ப?"

"இல்ல."

"இப்ப எரியுதாண்ணா?"

"தெரியலியே. இன்னொரு தரம் கேளு. அமுக்கு."

"செல்வி மூஞ்சியே செவப்பா இருக்குது, இங்கிருந்து எனக்குத் தெரியுது. சக்கரையில கண்ணும் போச்சா உனக்கு?"

கா. கூழ் இல்லை, டீ. ம. எழுத மறந்தது. இ. அவன் வீட்டில் இட்லி மூன்று, பாயசம் ஒரு டம்ளர். டாக்டரம்மாவுக்கு இட்லி மட்டும்.